எம்.எஸ்சி. உயிரியல் மாணவர்களுக்கு ஆய்வேடு எழுதக் கற்றுத்தருவது எப்படி? புதிதாக கைடு ஆகும் ஆசிரியர்களுக்கு

கல்லூரியில் சேர்ந்த இரண்டாவது வருடமே ஆறு எம்.எஸ்சி. மாணவர்களை என் பெயரில் ஒதுக்கிவிட்டார்கள். சோதனை செய்யக் கற்றுக்கொடுப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. எழுதக் கற்றுக்கொடுப்பது தனியாக ஒரு வேலை என்பதே அப்போது தெரியாது. "லேப் வேலையை முடிங்க, மார்ச்சில் உட்கார்ந்து எழுதிக்கலாம்" என்று ஆறு பேரிடமும் சொல்லிவிட்டேன். மார்ச் கடைசி வாரத்தில் ஆறு ஆய்வேடுகளும் ஒரே நாளில் மேசைக்கு வந்தன. ஒன்றில் ஒப்புமை, அதாவது ஏற்கெனவே உள்ள எழுத்தோடு பொருந்தும் அளவு, 52 சதவீதம். இன்னொன்றில் எங்கள் துறையில் இல்லவே இல்லாத ஒரு கருவியின் மாடல் எண் இருந்தது. சீனியரின் ஆய்வேட்டிலிருந்து செய்முறைப் பகுதியை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தாள் அந்த மாணவி. நானோ இரவு இரண்டு மணிக்கு இலக்கணப் பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன், அதைக் கவனிக்கவில்லை. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளியிலிருந்து வந்த தேர்வாளர் "இந்த மெஷின் எங்கே இருக்கு, காட்டுங்க" என்று கேட்டார். நான்கு மாதம் ஒழுங்காக வேலை செய்த பெண், வீட்டில் முதல் பட்டதாரி, அழுதுகொண்டே வெளியே வந்தாள். அவளுக்கு யாரும் சொல்லித்தராத ஒன்றுக்காக அவள் அன்று அழுதாள் என்பது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

அதற்குப் பிறகு ஐந்து பேட்ச் பார்த்துவிட்டேன். எழுத்தை மார்ச்சுக்குத் தள்ளாமல் முதல் வாரத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினால், மாணவரும் தப்பிக்கிறார், நாமும் தப்பிக்கிறோம். அதை எப்படிச் செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் நான்காம் செமஸ்டரில் ப்ராஜெக்ட் வைத்திருக்கும் விலங்கியல், தாவரவியல், நுண்ணுயிரியல், உயிர்த்தொழில்நுட்பத் துறைகளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு நம் துறைகளில் அதிகம் நடக்கும் ஒரு ப்ராஜெக்டையே எடுத்துக்கொள்வோம்: குப்பைமேனி இலைச் சாறு பாக்டீரியாவைத் தடுக்கிறதா என்று பார்ப்பது.

1. நவம்பரிலேயே காகித வேலையைத் தொடங்குங்கள்

செமஸ்டர் டிசம்பரில் தொடங்குகிறது என்றால் தலைப்பு நவம்பரில் முடிவாகிவிட வேண்டும். ஏனென்றால் சில ஆவணங்களுக்கு நாள் ஆகும், அவை இல்லாமல் எழுதிய செய்முறைப் பகுதி அரைகுறையாகத்தான் நிற்கும்.

செடியை வைத்து ஆய்வு என்றால் முதலில் வேண்டியது தாவர அடையாளச் சான்றிதழ். "எங்க ஊர் வயல் வரப்பில் பறிச்சது, குப்பைமேனிதான் மேடம்" என்பது சான்று ஆகாது. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது, திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினட் ஹெர்பேரியம் (உலர்தாவரச் சேகரிப்பு) இருக்கிறது. நம் பக்கத்து மாணவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் மாதிரியை அனுப்புகிறார்கள். அனுப்பும் முன் தொலைபேசியில் அழைத்து, கட்டணம் எவ்வளவு, எத்தனை நாள், மாதிரியை எந்த நிலையில் கேட்கிறார்கள் என்று விசாரித்துவிடுங்கள். பூவும் காயும் உள்ள கிளையாக இருக்க வேண்டும், வெறும் இலையை உறையில் போட்டு அனுப்பினால் திரும்பி வரும். பறித்த தேதி, இடம், பறித்தவர் பெயர் மூன்றையும் அன்றே எழுதி வைக்கச் சொல்லுங்கள். மாணவர் எழுதும் முதல் அறிவியல் வாக்கியம் அதுதான். சான்றிதழில் வரும் எண் செய்முறைப் பகுதியின் முதல் பத்தியில் இடம்பெற வேண்டும்.

மனித ரத்தமோ எச்சிலோ எடுத்தால், அது வகுப்புத் தோழனுடையதாகவே இருந்தாலும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். எலி, முயல் என்றால் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் தொடவே கூடாது. இரண்டுக்கும் உங்கள் கல்லூரியில் குழு இல்லையென்றால் தலைப்பை மாற்றிவிடுங்கள். ஒப்புதலைப் பின்னால் வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், சோதனை நடந்து முடிந்தபின் வாங்கும் ஒப்புதலுக்குப் பொருளே இல்லை.

2. அப்சர்வேஷன் நோட்டை முதல் எழுத்துப் பாடமாக்குங்கள்

நம் மாணவர்கள் மூன்று வருடம் பி.எஸ்சி.யில் ரெக்கார்டு நோட்டு எழுதி வந்தவர்கள். ரெக்கார்டு என்றால் என்ன? நோக்கம், தேவையானவை, செய்முறை, முடிவு, எல்லாம் முன்பே தெரிந்தது, சீனியர் நோட்டைப் பார்த்து அழகான கையெழுத்தில் எழுதி, அடித்தல் திருத்தல் இல்லாமல் கையெழுத்து வாங்குவது. அந்தப் பழக்கத்தை முதலில் உடைக்க வேண்டும். ஆய்வு நோட்டில் அடித்தல் இருக்கலாம், தவறிய சோதனை இருக்க வேண்டும், "இன்று இன்குபேட்டர் மின்சாரம் இல்லாமல் மூன்று மணி நேரம் நின்றது" என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும்.

பக்க எண் போட்ட கட்டுப்போட்ட நோட்டு ஒன்று, எழுபது எண்பது ரூபாய்க்குக் கிடைக்கும். தனித்தாள் வேண்டாம். பென்சில் வேண்டாம். ஒவ்வொரு வெள்ளியும் நோட்டைத் திறந்து பாருங்கள், ஆனால் "சரி" என்று டிக் அடித்துவிட்டுப் போகாதீர்கள். ஒரு கேள்வி மட்டும் ஓரத்தில் எழுதுங்கள்: எத்தனை கிராம்? எந்த வெப்பநிலை? எவ்வளவு நேரம்? யாருடைய கல்ச்சர்?

இங்கே எல்லோரும் விழும் ஒரு குழி உண்டு. சென்ட்ரிஃபியூஜ் வேகத்தை ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) கணக்கில் எழுதிவிட்டு நிறுத்துவார்கள். மாதிரியின் மீது விழும் விசையைச் சொல்வது ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல எத்தனை மடங்கு என்பது. 10,000 ஆர்.பி.எம். என்பது 6 செ.மீ. ஆரமுள்ள ரோட்டரில் ஏறக்குறைய 6,700 ஜி, 10 செ.மீ. ஆரத்தில் 11,000 ஜி-க்கு மேல். கருவி மாறினால் சோதனையே வேறாகிவிடுகிறது. ரோட்டரின் ஆரத்தை அளந்து, ஜி மதிப்பைக் கணக்கிட்டு நோட்டிலேயே எழுத வையுங்கள். மார்ச்சில் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

3. எழுதும் முன் படிக்கட்டும், படத்திலிருந்து தொடங்கட்டும்

ஆய்வுக்கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை பாடநூல் போலப் படிக்க முயன்று, இரண்டாம் பக்கத்திலேயே மாணவர்கள் விட்டுவிடுகிறார்கள். ஆங்கிலம் பயமுறுத்துகிறது, உண்மை. நான் செய்வது இது: கட்டுரையின் படங்களையும் அட்டவணைகளையும் மட்டும் அச்செடுத்துக் கொடுப்பேன், விளக்க வரிகளை மறைத்துவிடுவேன். "இதில் என்ன தெரிகிறது?" என்று கேட்பேன். தமிழில் பதில் சொன்னால் போதும். அரை மணி நேரத்தில் கட்டுரையின் சாரத்தை அவர்களே பிடித்துவிடுவார்கள், அப்புறம் வாக்கியங்களைப் படிக்கும்போது அந்தப் பயம் இருக்காது. டிசம்பர், ஜனவரி இரண்டு மாதமும் பதினைந்து நாளுக்கு ஒரு கட்டுரை, மொத்தம் நான்கு. அதற்கு மேல் வேண்டாம்.

கட்டுரைக்குப் பணம் கட்டாதீர்கள். பப்மெட் சென்ட்ரலில் முழுக் கட்டுரைகள் இலவசம். பெங்களூருவிலிருந்து வரும் கரண்ட் சயின்ஸ் இதழும், கோயம்புத்தூரிலிருந்து வரும் ஜர்னல் ஆஃப் த்ரெட்டன்டு டாக்ஸா இதழும் இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. இரண்டாவதில் வரும் குறுங்குறிப்புகள் இரண்டு மூன்று பக்கம்தான், விலங்கியல் தாவரவியல் மாணவர்களுக்கு முதல் வாசிப்புக்கு அதைவிடப் பொருத்தமானது நான் பார்த்ததில்லை. அரசுக் கல்லூரி என்றால் 2025 ஜனவரியில் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தின் வழியாக 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களைத் திறக்க வழி இருக்கிறது. உங்கள் நூலகர் பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள், பல இடங்களில் பதிவு இருந்தும் ஆசிரியர்களுக்கே தெரிவதில்லை. எதுவும் கிடைக்காவிட்டால் கட்டுரையாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள். என் மாணவர்களுக்குப் பல தடவை இரண்டு மூன்று நாளில் பதில் வந்திருக்கிறது, கட்டுரையோடு.

4. செய்முறைப் பகுதியை முதலில் எழுத வையுங்கள், அதை இன்னொருவர் செய்து பார்க்கட்டும்

ஆய்வேட்டில் முன்னுரை முதலில் வருகிறது என்பதற்காக அதை முதலில் எழுதக் கூடாது. முதலில் எழுத வேண்டியது செய்முறை. ஜனவரியில், சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே.

இதற்கு நான் ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன், மற்ற எதைவிடவும் இது பலன் தந்திருக்கிறது. கிராம் சாயமேற்றலை (பாக்டீரியாவைச் சாயமிட்டு, ஊதாவாக நிற்பதைக் கிராம் பாசிட்டிவ், இளஞ்சிவப்பாவதைக் கிராம் நெகட்டிவ் என்று பிரிக்கும் சோதனை) ஒவ்வொருவரும் தன் சொந்த வாக்கியத்தில் ஒரு பக்கம் எழுத வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த சோதனை, பி.எஸ்சி.யிலேயே பத்து தடவை செய்தது. எழுதிய தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் தாளில் இருப்பதை மட்டும் செய்ய வேண்டும், தெரிந்ததை வைத்து நிரப்பக் கூடாது, எழுதியவர் வாயே திறக்கக் கூடாது. முதல் தடவை நடத்தியபோது ஒரு மாணவர் "பிறகு ஆல்கஹால் ஊற்ற வேண்டும்" என்று மட்டும் எழுதியிருந்தார், எவ்வளவு நேரம் என்று எழுதவில்லை. தோழி ஆல்கஹாலை ஊற்றிவிட்டு அப்படியே நின்றாள், அடுத்த வரியில் "கழுவ வேண்டும்" என்றும் இல்லை. நுண்ணோக்கியில் பார்த்தால், ஊதாவாக இருக்க வேண்டிய ஸ்டஃபிலோகாக்கஸ் முழுக்க இளஞ்சிவப்பு. பத்து இருபது வினாடியில் நிறுத்த வேண்டிய இடத்தில் நேரம் எழுதாததால் கிராம் பாசிட்டிவ் பாக்டீரியா கிராம் நெகட்டிவ் போலத் தெரிந்துவிட்டது. எழுதிய மாணவர் அந்த ஸ்லைடை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவருடைய நோட்டில் நேரம் எழுதாத ஒரு வரியை நான் பார்க்கவில்லை.

ஒரு மதியம் போதும், செலவு சில ஸ்லைடும் கொஞ்சம் சாயமும்தான். கட்டாயம் செய்யுங்கள்.

அடுத்தது சீனியர் ஆய்வேடு என்ற பொறி. துறை அலமாரியில் இருக்கும் பழைய ஆய்வேடுகளை மாதிரிக்குப் பார்க்கலாம் என்று நாமே சொல்லிவிடுகிறோம். ஒருமுறை அலமாரியில் இருந்த நான்கு வருட ஆய்வேடுகளை வரிசையாக எடுத்துப் பார்த்தேன், சாறு தயாரிக்கும் பத்தியில் ஒரே அலகுப் பிழை நான்கிலும் இருந்தது. முதலில் ஒருவர் மில்லிகிராம் என்பதற்குக் கிராம் என்று தட்டியிருக்கிறார், பின்னால் வந்தவர்கள் அதைச் சோதனைக்கூடத்தில் செய்யாமலேயே காகிதத்தில் தொடர்ந்திருக்கிறார்கள். அதனால் என் மாணவர்கள் செய்முறை எழுதி முடிக்கும்வரை அலமாரிச் சாவி என்னிடம்தான் இருக்கும்.

வட்டுப் பரவல் முறை (சாறு ஊறிய காகித வட்டை பாக்டீரியா பூசிய அகரில் வைத்து, சுற்றிலும் வளர்ச்சி இல்லாத வளையத்தை அளப்பது) செய்கிறவர்களிடம் இவற்றைக் கட்டாயம் கேளுங்கள்: வளர்ப்பு ஊடகம் முல்லர் ஹின்டன் அகர்தானா, பாக்டீரியா அடர்த்தி 0.5 மெக்ஃபார்லண்டு என்ற கலங்கல் அளவுக்குச் சரிசெய்யப்பட்டதா, வட்டின் விட்டம் 6 மி.மீ. என்றால் வளைய அளவில் அது சேர்ந்திருக்கிறதா, சாற்றைக் கரைக்கப் பயன்படுத்திய டி.எம்.எஸ்.ஓ. மட்டும் வைத்த வட்டு இருக்கிறதா, தெரிந்த ஆன்டிபயாட்டிக் வட்டு இருக்கிறதா. கடைசி இரண்டும் இல்லையென்றால் எழுதுவதை நிறுத்திவிட்டு சோதனையை மறுபடி செய்ய வேண்டும். ஜனவரியில் தெரிந்தால் செய்யலாம், மார்ச்சில் தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. செய்முறையை முதலில் எழுதச் சொல்வதற்கு இதுதான் பெரிய காரணம்.

5. முடிவுகளை முதலில் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்

மாணவர் கொண்டுவரும் முதல் முடிவுப் பத்தி எப்போதும் இப்படித்தான் இருக்கும்: "குப்பைமேனி இலைச் சாற்றின் பாக்டீரியா எதிர்ப்புத் திறன் அட்டவணை 3-இல் தரப்பட்டுள்ளது." அவ்வளவுதான். ஆங்கிலத்தில், செயப்பாட்டு வினையில், தவறில்லாத வாக்கியம். ஆனால் அதில் முடிவு எதுவும் இல்லை.

நான் தாளை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "என்ன கண்டுபிடிச்சீங்க? வீட்டுல அம்மாகிட்ட சொல்ற மாதிரி சொல்லுங்க" என்பேன். "ஸ்டஃபிலோகாக்கஸ்ல நல்லா வளையம் வந்துச்சு மேடம், ஈ. கோலைல எவ்வளவு போட்டாலும் வரல." இதோ முடிவு. இப்போது இதை எழுதுங்கள்: "மெத்தனால் சாறு 100 மி.கி./மி.லி. அளவில் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸுக்கு எதிராக 14 மி.மீ. வளையம் உருவாக்கியது, சோதித்த எந்த அளவிலும் ஈ. கோலைக்கு எதிராக வளையம் உருவாகவில்லை (அட்டவணை 3)." எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான். வாக்கியத்தின் எழுவாய் அட்டவணையிலிருந்து சாற்றுக்கு மாறிவிட்டது, அட்டவணை அடைப்புக்குறிக்குள் போய்விட்டது. இந்த ஒரு மாற்றத்தை ஒரு மாணவர் சரியாகப் பிடித்துக்கொண்டால் மீதி முப்பது பக்கமும் தானாகத் தெளிந்துவிடும்.

தமிழ்வழியில் படித்துவந்த பிள்ளைகள் ஆங்கிலத்தில் யோசிக்க முயலும்போது விஷயத்தையே தொலைத்துவிடுகிறார்கள். தமிழில் சொல்லி, அதைக் கைபேசியில் பதிவு செய்து, கேட்டுக்கொண்டே ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதட்டும். ஆங்கிலம் திருத்தக்கூடியது. என்ன சொல்ல வந்தோம் என்பது தொலைந்துவிட்டால் நம்மால் திருத்தித் தர முடியாது. இதைத் துறையில் சிலர் ஏற்றுக்கொள்ளவில்லை, "எம்.எஸ்சி. வந்தும் தமிழா" என்றார்கள். நான் விடவில்லை.

"சிக்னிஃபிகன்ட்" என்ற சொல்லைப் புள்ளியியல் சோதனை செய்யாமல் எழுதக் கூடாது. ஒரே தட்டில் மூன்று வட்டு வைத்துவிட்டு மூன்று மறுசெய்கை என்று எழுதக் கூடாது, வேறு வேறு நாளில் புதிதாக வளர்த்த கல்ச்சரில் செய்தால்தான் அது மூன்று. பிளஸ் மைனஸ் போட்ட எண் திட்டவிலக்கமா திட்டப்பிழையா என்று அட்டவணைக்குக் கீழே சொல்லாவிட்டால் அந்த எண்ணே பயனில்லை. ஒரே தகவலை அட்டவணையிலும் வரைபடத்திலும் இரண்டு தடவை போட வேண்டாம், பக்கம் கூட்டத்தான் அப்படிச் செய்கிறார்கள்.

6. விவாதப் பகுதியில் அளவாகப் பேசக் கற்றுக்கொடுங்கள்

இங்கே இரண்டு நோய்கள். ஒன்று, முடிவுகளையே மறுபடி எழுதி, பத்து பேர் பெயரைச் சொல்லி "இவர்களும் இதையே கண்டனர்" என்று முடிப்பது. மற்றது, 14 மி.மீ. வளையத்திலிருந்து நேராக "எனவே இது சிறந்த மருந்தாகும்" என்று தாவுவது.

மூன்று கேள்வி கொடுங்கள். ஏன் இப்படி வந்திருக்கலாம்? வேறு காரணம் இருக்க முடியுமா? இந்தச் சோதனையால் எதைச் சொல்ல முடியாது? நம் எடுத்துக்காட்டில், ஈ. கோலை கிராம் நெகட்டிவ், அதற்கு வெளிச்சவ்வு ஒன்று கூடுதலாக இருக்கிறது, சாற்றிலுள்ள பொருள்களை அது தடுத்திருக்கலாம். வேறு காரணம்: வளையத்தின் அளவு, பொருள் அகரில் எவ்வளவு எளிதாகப் பரவுகிறது என்பதையும் பொறுத்தது, அதனால் மெத்தனால் சாற்றில் பெரிய வளையமும் நீர்ச் சாற்றில் சின்ன வளையமும் வந்தால் அதை வைத்து மட்டும் எது வீரியமானது என்று சொல்லிவிட முடியாது, குறைந்தபட்சத் தடுப்பளவு (வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த அளவு) பார்க்க வேண்டும். சொல்ல முடியாதது: மனித உடலில் இது என்ன செய்யும் என்பது. இந்த மூன்றையும் எழுதினால் ஒன்றரைப் பக்கம் வரும், அந்த ஒன்றரைப் பக்கம் முழுக்க அவருடையது.

"நிரூபித்தது" என்று வரும் இடமெல்லாம் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். "காட்டுகிறது", "சுட்டுகிறது", "இருக்கலாம்" மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு வகுப்பு முழுக்கப் பேசினாலும் நேரம் வீணில்லை.

7. முன்னுரை, ரிவ்யூ, மேற்கோள்

பிப்ரவரி கடைசியில்தான் இதற்கு வாருங்கள். முன்னுரை இரண்டு மூன்று பக்கம் போதும்: தெரிந்தது என்ன, தெரியாதது என்ன, நாம் பார்த்தது என்ன. உலகம் தோன்றியதிலிருந்து மூலிகைகள் பயன்பட்டு வருகின்றன என்று தொடங்கும் பத்தியை எடுத்துவிடுங்கள்.

முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் ரிவ்யூ அத்தியாயத்தில்தான் காப்பி அதிகம் நடக்கிறது. பெரும்பாலும் திருட்டு எண்ணத்தால் அல்ல, வேறு எப்படி எழுதுவது என்று தெரியாததால். சொற்களை மட்டும் மாற்றிப்போடும் மென்பொருள்களிடம் போகிறார்கள், அது இன்னும் ஆபத்து. 2021-இல் ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட சொற்றொடர்களை வெளியான கட்டுரைகளிலேயே தேடிப் பிடித்துக் காட்டினார்கள். "ப்ரெஸ்ட் கேன்சர்" (மார்பகப் புற்றுநோய்) என்பது "பூசம் பெரில்" (bosom peril, நெஞ்சு ஆபத்து) என்று மாறியிருந்தது. சொல்லுக்குச் சொல் மாற்றினால் அறிவியல் கலைச்சொல் செத்துவிடும் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டியதில்லை, நான் வகுப்பில் இதைத்தான் சொல்கிறேன். சரியான வழி: கட்டுரையைப் படித்து, திரையை மூடி, அதில் என்ன இருந்தது என்று பக்கத்து மாணவரிடம் தமிழில் சொல்லி, மறுநாள் தன் குறிப்பிலிருந்து எழுதி, அப்புறம் மூலத்தோடு ஒப்பிட்டு, மேற்கோள் போடுவது. மெதுவான வேலைதான்.

மேற்கோள்களுக்கு சோடெரோ மென்பொருள் இலவசம், முதல் வாரமே போட்டுவிடுங்கள். கடைசியில் கையால் பட்டியல் தட்டினால் இரண்டு முழு நாள் போகும், பிழையும் வரும். ஏ.ஐ. கருவியிடம் மேற்கோள் கேட்டு வாங்கிய பட்டியலில் இல்லாத கட்டுரைகள் இருக்கும், ஆசிரியர் பெயர், ஆண்டு, இதழ், பக்கம் எல்லாம் அச்சு அசலாக இருக்கும், கட்டுரை மட்டும் உலகில் இருக்காது. நான் வைத்திருக்கும் விதி: ஒவ்வொரு மேற்கோளின் டி.ஓ.ஐ. எண்ணையும் (கட்டுரையின் நிரந்தர இணைய அடையாள எண்) என் முன்னால் திறந்து காட்ட வேண்டும். திறக்காதது நீங்கும். முப்பது மேற்கோள் உண்மையாகப் படித்தது இருந்தால் எம்.எஸ்சி.க்குத் தாராளம்.

உயிரினப் பெயர்களுக்குச் சாய்வெழுத்து, பேரினத்துக்குப் பெரிய எழுத்து, சிற்றினத்துக்குச் சின்ன எழுத்து, இதை மட்டும் ஒரு தனிச் சுற்றாகக் கடைசியில் பார்த்துவிடுங்கள்.

8. ஒப்புமைச் சோதனையில் ஏமாறாதீர்கள்

யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறைப்படி ஆய்வேட்டில் 10 சதவீதம் வரை ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைக் கொடுக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக வரம்பு வைத்திருக்கலாம், துறைத் தலைவரிடம் சுற்றறிக்கையை வாங்கிப் படித்துவிடுங்கள். மேற்கோள் பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை போன்றவை கணக்கில் வராது, அறிக்கை எடுக்கும்போது அவற்றை விலக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

பெரிய பொறி ஒன்று சொல்கிறேன். டி.டி.பி. சென்டரில் சில நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு "செக் பண்ணித் தர்றோம்" என்பார்கள். அவர்கள் யாருடைய கணக்கில் ஏற்றுகிறார்கள் என்று நமக்குத் தெரியாது. அந்தக் கணக்கு கோப்பைத் தன் சேமிப்பில் வைத்துக்கொண்டால், பிறகு கல்லூரி முறையாகச் சோதிக்கும்போது ஆய்வேடு தன்னோடு தானே பொருந்தி ஒப்புமை 90-க்கு மேல் காட்டும். என் இரண்டாவது பேட்ச்சில் ஒரு பையனுக்கு இது நடந்தது. அவன் காப்பி அடிக்கவில்லை என்று விளக்க நாங்கள் ஒரு வாரம் அலைந்தோம். நூலகத்தின் வழியாக, சேமிக்காத அமைப்பில் மட்டும் சோதியுங்கள். மார்ச் முதல் வாரத்தில் ஒன்று, இறுதியில் ஒன்று.

9. குறைவாகத் திருத்துங்கள், அடிக்கடி திருத்துங்கள்

முதல் வரைவில் இலக்கணத்தைத் தொடாதீர்கள். ஆசிரியராக இது கஷ்டம், கை தானாகப் போகும். ஆனால் பக்கம் முழுக்கச் சிவப்பாகிவிட்டால் மாணவர் நீங்கள் எழுதியதைத் தட்டச்சு செய்து திருப்பித் தருவார், எதையும் கற்றிருக்க மாட்டார். ஒரு வரைவுக்கு மூன்று குறிப்பு. முதல் வரைவில் விஷயம், இரண்டாவதில் வரிசை, மூன்றாவதில் மட்டும் மொழி. ஒவ்வொரு மாணவருக்கும் வாரம் இருபது நிமிடம், அவர் வாய்விட்டுப் படிக்க நீங்கள் கேட்பது. மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியம் உடைய வேண்டும் என்று அவருக்கே தெரிந்துவிடும். ஆறு பேருக்கு வாரம் இரண்டு மணி நேரம் ஆகிறது. மார்ச்சில் நான் தூங்காமல் கழித்த இரவுகளோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ குறைவு.

தனியார் ஆய்வுக்கூடத்தில் பணம் கட்டி ப்ராஜெக்ட் செய்துவரும் மாணவர்கள் தயாரான அறிக்கையோடு வருவார்கள். அவர்களைத் திட்டுவதில் பயனில்லை, சில கல்லூரிகளில் கருவிகளே இல்லை. ஆனால் மூல எண்களையும் படங்களையும் கேட்டு வாங்கச் சொல்லி, அதிலிருந்து அவர்களே எழுத வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

10. அச்சு, பைண்டிங், செலவு

எங்கள் கல்லூரிக்கு எதிரே உள்ள கடையில் கருப்பு வெள்ளைப் பக்கம் 1.50 ரூபாய், வண்ணப் பக்கம் 10 ரூபாய், தங்க எழுத்து போட்ட கெட்டி பைண்டிங் 250 ரூபாய். 60 பக்கத்தில் 8 வண்ணப் பக்கம் என்றால் ஒரு பிரதிக்குச் சுமார் 400 ரூபாய், நான்கு பிரதிக்கு 1,600. விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு இது சின்னத் தொகை இல்லை. ஒரு சான்றிதழ்ப் பக்கத்தில் பதிவு எண் தவறினால் பிரித்துக் கட்ட மறுபடி செலவு. எனவே பைண்டிங்குக்கு முன் ஒரே ஒரு பிரதி ஸ்பைரல் போட்டு, உறுதிமொழி, கைடு சான்றிதழ், துறைத் தலைவர் கையெழுத்து, ஒப்புமை அறிக்கை, தாவரச் சான்றிதழ், ஒப்புதல் கடிதம் எல்லாம் வரிசைப்படி இருக்கிறதா என்று நீங்களே புரட்டிப் பாருங்கள். வரைபடங்களை வண்ணத்துக்குப் பதில் கோடு, புள்ளி வடிவங்களில் போட்டால் வண்ணப் பக்கம் பாதியாகும். கெடு தேதிக்குப் பத்து நாள் முன்பே கடைக்குப் போய்விட வேண்டும், கடைசி மூன்று நாள் எல்லாக் கல்லூரிப் பிள்ளைகளும் அங்கேதான் நிற்பார்கள்.

11. "கட்டுரை போடலாம்" என்று வரும் மின்னஞ்சல்கள்

வைவா முடிந்ததும் மாணவர்களுக்கு அழைப்பு வரும்: மூன்று நாளில் வெளியீடு, 1,500 ரூபாய், சான்றிதழ் உண்டு. மூன்று நாளில் யாரும் ஒரு கட்டுரையை மதிப்பிட முடியாது. இதழின் ஆசிரியர் குழுவில் உள்ளவர்கள் உண்மையில் அங்கே இருக்கிறார்களா, டி.ஓ.ஏ.ஜே. (இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் இதழ்களின் அடைவு) பட்டியலில் இதழ் இருக்கிறதா, பழைய கட்டுரைகளைத் திறந்து படித்தால் தரம் தெரிகிறதா என்று சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். ஏற்கத்தக்க இதழ்களைச் சொன்ன யு.ஜி.சி. கேர் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டுவிட்டது, "கேர் பட்டியலில் உள்ளது" என்று இன்னும் விளம்பரம் செய்கிறவர்களை நம்ப வேண்டாம். அப்படிப்பட்ட இடத்தில் ஒருமுறை வெளியாகிவிட்டால் நல்ல இதழுக்கு அதே முடிவுகளை மறுபடி அனுப்ப முடியாது.

அனுப்புகிற அளவுக்கு வேலை இருக்கிறது என்றால், மாணவர் ஊருக்குப் போவதற்கு முன்னால் மூல நோட்டு, எக்செல் கோப்பு, தட்டுகளின் படங்கள், சோடெரோ கோப்புறை நான்கையும் துறைக் கணினியிலும் ஒரு பென் டிரைவிலும் வாங்கி வையுங்கள். ஜூன் மாதத்தில் அவர் கைபேசி எண் மாறியிருக்கும்.